அப்பச்சி வீட்டு அட்டாலியில (பரண்ல) கிடைச்ச விளக்கும் நாலு நாற்காலியும்: விக்கறதா, வெச்சுக்கறதா?

பல்லடத்தான் (சனி, இரவு 9:12)

வணக்கமுங்க. நெம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதான் என்ற மொத இழை.

தாராபுரத்துக்குப் பக்கத்துல எங்க அப்பச்சி (அம்மாவோட அப்பா) வீட்டைப் பங்கு பிரிச்சாச்சு. வாங்கினவங்க தை பொறந்ததும் இடிக்கப் போறாங்க. மாமனுங்க ரெண்டு பேரும் அண்டா, நெல்லுப் பெட்டி, ஊஞ்சப் பலகை எல்லாம் எடுத்துக்கிட்டாங்க. "அட்டாலியில கெடக்கற குப்பைய வேணும்னா நீ அள்ளிக்கோ மாப்ளே"ன்னாங்க. அள்ளிட்டு வந்துட்டேன்.

ஒரு டேபிள் லைட்டு. கையி மாதிரி ரெண்டா மடங்குது, கீழ மூணு ஸ்பிரிங். அடிப்பாகம் வட்டமா, தூக்கவே முடியாத கனம். பச்சை எனாமல் பெயின்ட். எப்படி இழுத்து விட்டாலும் அங்கயே நிக்குது. எத்தனை வருஷம் தூங்கிச்சோ, ஸ்பிரிங்குக்கு இன்னும் உசுரு இருக்குது.

நாலு நாற்காலி. தேக்குன்னு நெனைக்கறேன். முதுகும் உக்கார்ற எடமும் பிரம்புப் பின்னல். காலு நேரா இல்லாம வெளிய சாஞ்சு, கீழ போகப் போக ஒல்லியா இருக்குது. ரெண்டுல பின்னல் கிழிஞ்சிருச்சு. சீட்டுக்கு அடியில வெள்ளை பெயின்ட்ல நம்பர்: 17, 18, 20, 21.

இது போக மரப்பெட்டி ரேடியோ ஒண்ணு, பால் வெள்ளைக் கண்ணாடி ஷேடு ஒண்ணு (ஓரம் மடிப்பு மடிப்பா), சுருட்டி வெச்ச சாமி காலண்டர் ஒரு கட்டு.

அப்பச்சி கோயமுத்தூர்ல ஒரு மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தவரு. மேனேஜர் பங்களாவைக் காலி பண்ணினப்ப ஏலத்துல எடுத்ததுன்னு அம்மா சொல்லுது. அம்மா அப்ப ஆறாங்கிளாஸ், அதாவது 1967 வாக்குல.

எப்படித் தெரிஞ்சுதோ, மூணாம் நாளே பழைய சாமான் வாங்கறவரு டெம்போவோட வந்து நின்னுட்டாரு. எல்லாத்துக்கும் சேர்த்து ஆறாயிரம்ங்கறாரு. "பாலிஷ் போட்டாத்தான் தம்பி தேறும், இல்லீன்னா வெறகு"ன்னும் சொல்றாரு. போட்டோ கீழ இருக்குது. என்ன பண்ணட்டுமுங்க?

சோடாபாட்டில் (சனி, இரவு 9:20)

குடுத்துராதீங்க! மத்ததைப் பெரியவங்க வந்து சொல்வாங்க.

வரைபலகை (சனி, இரவு 9:47)

ப்ரோ, அந்தக் காலைப் பாருங்க! இது பியர் ஜான்ரே டிசைன். சண்டிகர் நாற்காலி! வெளிநாட்டு ஏலத்துல ஒவ்வொண்ணும் லட்சக்கணக்குல போகுது. ஆறாயிரமா? அந்த ஆளைத் துரத்திவிடுங்க. அடியில நம்பர் வேற இருக்கு, சண்டிகர் நாற்காலியிலயும் அப்படித்தான் எழுதியிருப்பாங்க. நான் கோவையில இன்டீரியர் பண்றேன், கஸ்டமர்ஸ் இதைத்தான் கேட்டுட்டே இருக்காங்க. தனிச்செய்தி அனுப்புங்க.

கரண்டுக்காரர் (சனி, இரவு 10:31)

தம்பி, நாற்காலி எங்கயும் போயிறாது. அந்த வெளக்கை ப்ளக்குல சொருகிப் பார்த்தீங்களா? பார்க்கலைன்னா கும்புட்ட சாமி காப்பாத்துச்சு. இனிமேலும் சொருகாதீங்க.

நான் மில்லுல எலக்ட்ரீசியனா 34 வருஷம் இருந்தவன். போட்டோவுல தெரியற அந்த முறுக்கின நூல் வயரு, உள்ள ரப்பர், மேல பருத்தி நூல். ரப்பருக்கு ஆயுசு அம்பது வருஷமெல்லாம் கெடையாதுங்க. பல்பு சூட்டுலயும் காத்துலயும் காஞ்சு, வளைச்சா முறுக்கு ஒடையற மாதிரி பொடிப்பொடியாக் கொட்டும். மேல நூல் நல்லா இருக்கறதால வயரும் நல்லா இருக்குதுன்னு தோணும். உள்ள செம்பு மொட்டையா நிக்கும். அது வெளக்கோட இரும்புக் கையைத் தொட்டுச்சுன்னா கையி பூராம் 230 வோல்ட்டு. ரெண்டு பின் ப்ளக்குங்கறதால எர்த்தும் கெடையாது. நீங்க பாட்டுக்கு வெறுங்காலோட சிமெண்டுத் தரையில நின்னு தலைய இழுத்துத் திருப்புவீங்க.

பண்ண வேண்டியது இதுதான். பழைய வயரை உருவறதுக்கு முன்னால அதோட வாலுல நூல் கட்டிக்குங்க. இல்லீன்னா புது வயரை அந்தக் குழாய்க்குள்ள நுழைக்கறதுக்குள்ள பொழுது போயிரும். மூணு கோர் வயரு போடுங்க, நூல் சுத்தினதே இப்பக் கெடைக்குது. பச்சை வயரை அடிப்பாகத்து இரும்புல பெயின்ட்டைச் சுரண்டிட்டு ஸ்க்ரூ வெச்சு இறுக்குங்க. மடங்கற மூட்டு மேல எர்த்து போகும்னு நம்பாதீங்க, ஷேடுக்குத் தனியா ஒரு துண்டு வயரு இழுத்துருங்க. ஹோல்டர் பித்தளையா, உள்ள பீங்கானா இருந்தா அதை மாத்தவே வேண்டாம், வெளக்குமாத்துக் குச்சியில துணி சுத்தித் தொடைச்சாப் போதும். பேக்லைட் சுவிட்ச்சு வெடிச்சிருந்தா மட்டும் மாத்துங்க, பழசை ஒரு கவர்ல போட்டு வெச்சுக்குங்க. அப்புறம் மெக்கர் (கரண்டு கசியுதான்னு பார்க்கற மீட்டரு) வெச்சுப் பார்த்துட்டு கரண்டு குடுங்க. பல்பு 5 வாட் எல்.இ.டி. சூடு இல்லாததால பழைய எனாமலும் உரியாது.

வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா தானே ஆஃப் ஆகற சுவிட்ச்சு) இருக்குதான்னும் பார்த்துக்குங்க.

ரேடியோவை அப்படியே வைங்க. வால்வு செட்டுல நேரா கரண்டு குடுத்தா பழைய பேப்பர் கண்டன்சர் புஸ்ஸுன்னு போயி, கூடவே ட்ரான்ஸ்பார்மரையும் இழுத்துட்டுப் போயிரும். 100 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போட்டுத்தான் மொதல்ல எழுப்போணும். சில செட்டுல தகரச் சட்டமே நேரா லைன்ல இருக்கும், அதுல பின்பக்கம் கழட்டிட்டுக் கை வெச்சா அவ்வளவுதான். நானே ஒருக்கா வெச்சேன். இடது கை சுண்டு விரல் இன்னைக்கும் மழைக்காலத்துல மதமதன்னு இருக்குது.

பல்லடத்தான் (சனி, இரவு 10:44)

அண்ணா, நெசத்தைச் சொல்லிர்றேன். நேத்து ஒருக்கா சொருகிட்டேன். எரிஞ்சுது. தலைய இழுத்தப்ப சுருக்குன்னுச்சு. நான் ஈரக் கையின்னு நெனைச்சுட்டேன்.

கரண்டுக்காரர் (சனி, இரவு 10:46)

உங்க அப்பச்சி புண்ணியம் பண்ணினவரு.

டிராயிங் வாத்தியார் (ஞாயிறு, காலை 6:05)

வரைபலகை தம்பிக்கு ஒரு வார்த்தை. உற்சாகம் நல்லதுதான். ஆனால் சாய்ந்த காலும் பிரம்பும் சேர்ந்தால் சண்டிகர் என்று முடிவு கட்டிவிட முடியாது.

கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே சண்டிகரைத் திட்டமிட்டபோது அங்கேயே தங்கி வேலை பார்த்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்ரே. 1965 வரை அங்கிருந்தார். 1967இல் ஜெனிவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி சாம்பலை சண்டிகரின் சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள். அலுவலகம், நூலகம், கல்லூரி, குடியிருப்பு என ஆயிரக்கணக்கில் நாற்காலி தேவைப்பட்டது. நம் நாட்டிலேயே தேக்கும் பிரம்பும் கிடைத்தன, தச்சரும் இருந்தார்கள். வரைபடத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். பிறகு அவற்றையே மொட்டை மாடியில் குவித்து, கழிவு என்று ஏலம் விட்டார்கள். அப்படி வாங்கியவர்கள் வெளிநாட்டில் விற்றபோதுதான் நம்மவர் விழித்துக்கொண்டார்கள். 2011இல் மத்திய அரசு விற்பனைக்குத் தடை போட்டது.

அந்த நாற்காலியின் பக்கவாட்டைப் பாருங்கள். முன்காலும் பின்காலும் மேலே ஒன்று சேர்ந்து, கவிழ்த்துப் போட்ட கவட்டை மாதிரி கீழே விரியும். நம் பல்லடத்தார் படத்தில் நாலு காலும் தனித்தனி, உருட்டிக் கடைந்த கால். கடைசல் பட்டறை வேலை. சண்டிகரின் அந்தக் கவட்டைக் காலில் கடைசல் கிடையாது, சப்பைச் சட்டம்.

நம்பரும் அதற்கு மட்டும் உரியதல்ல. எந்த மில்லில், எந்தப் பள்ளிக்கூடத்தில் சொத்துப் பதிவேட்டு எண் எழுதாமல் விட்டார்கள்?

வரைபலகை (ஞாயிறு, காலை 9:30)

ஓகே சார், கால் விஷயம் ஒத்துக்கறேன், ஜூம் பண்ணிப் பார்த்தேன். ஆனா அந்த லைட்டு ஆங்கிள்பாய்ஸ் தானே? மூணு ஸ்பிரிங்!

கரண்டுக்காரர் (ஞாயிறு, காலை 11:15)

அதுவும் சந்தேகந்தானுங்க. ஆங்கிள்பாய்ஸைக் கண்டுபிடிச்ச கார்வர்டைன்ங்கறவரு வண்டி சஸ்பென்ஷன் எஞ்சினீயரு. ஸ்பிரிங்கை வெச்சே கனத்தைத் தாங்க வெச்சு, எங்க விட்டாலும் அங்கயே நிக்கற கையை 1932ல கண்டுபிடிச்சாரு. இங்கிலாந்துல ரெட்டிச்ங்கற ஊருல ஹெர்பர்ட் டெர்ரி கம்பெனி செஞ்சு வித்துச்சு. 1935ல வந்த மூணு ஸ்பிரிங் மாடலுக்கு அடிப்பாகம் சதுரம், படி படியா இருக்கும். கை கீழ சேர்ற எடத்துல கம்பெனி பேரு அழுத்தியிருக்கும். இந்தத் தம்பியோடது வட்டம், பேரும் காணோம்.

எனக்குத் தோணறது, இது நம்மூர்ப் பட்டறை வேலை. 1937லயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செஞ்ச ஊருங்க இது. ஒரு வெளக்கைப் பார்த்து இன்னொண்ணு செய்யறதா பெரிய வேலை? அடிப்பாகம் வார்ப்பு இரும்பா இருக்கும், கவுத்திப் பாருங்க. மணல் அச்சுல ஊத்தின சொரசொரப்பு தெரியும். கம்பெனி சாமான்னா கடைஞ்சு வழவழன்னு இருக்கும், கீழ ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கும்.

காப்பின்னு மட்டமா நெனைக்காதீங்க. எனக்கு ஒரிஜினலை விட இதுதான் புடிக்குது. ஒரிஜினல் உலகம் பூராம் கெடக்குது.

பல்லடத்தான் (ஞாயிறு, பகல் 12:02)

கவுத்திட்டேன். சொரசொரன்னுதான் இருக்குதுங்க. ஃபெல்ட்டுக்குப் பதிலா கெட்டியா ஒரு பருத்தித் துணி, வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருக்காங்க. ஓரத்துல நீலக் கோடு. மில்லுல கோணி மாதிரி ஒரு துணி இருக்குமே, அது.

ஈரோட்டுக்காரி (ஞாயிறு, பகல் 2:40)

பல்லடத்துத் தம்பி, அந்தத் துணியைப் பிய்க்காதீங்க. நாற்காலிக்கு வர்றேன். "பாலிஷ் போட்டாத்தான் தேறும்"ங்கற பேச்சை நம்பி நான் பட்டதைச் சொல்றேன்.

எங்க மாமியார் வீட்டுல ஒரு ஈட்டி மர டிரெஸ்ஸிங் டேபிள். நூக்க மரம்னும் சொல்வாங்க. கறுப்பும் கருஞ்சிவப்புமா, வெயில் பட்டா உள்ள புகை ஓடற மாதிரி இருக்கும். ஒரு பாலிஷ் கடையில குடுத்தேன். பேரு வேண்டாம். பத்து நாள் கழிச்சு வந்துச்சு. மெஷின்ல தேய்ச்சு, மெலமைன் அடிச்சு, பளபளன்னு ஓட்டல் ரிசப்ஷன் மேஜையாட்டம் இருந்துச்சு. டிராயருக்குள்ள செஞ்ச ஆசாரி பென்சில்ல எழுதியிருந்த தேதியும் போச்சு. அதையாவது விட்டிருக்கலாம். "உள்ளயும் சுத்தமாப் பண்ணிட்டோம்கா"ன்னு அந்தப் பையன் பெருமையாச் சொன்னான்.

அந்தக் காலத்துச் சாமான்ல பெரும்பாலும் இருக்கறது அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுத் துணிப் பொட்டலத்துல தேய்ச்ச ஃப்ரெஞ்சு பாலிஷ். அதுதானான்னு பார்க்க, சீட்டுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு பொட்டு ஸ்பிரிட்டை வெச்சுட்டு ஒரு நிமிஷம் கழிச்சு விரலால தொடுங்க. பிசுபிசுன்னு ஒட்டினா அரக்கு. அசையாம நின்னா பின்னாடி எவனோ வேற அடிச்சிருக்கான். அரக்குன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், உரிக்கவே வேண்டாம். மொதல்ல தண்ணி நனைச்சுப் பிழிஞ்ச துணி, அப்புறம் மெழுகு. டம்ளர் வெச்ச வெள்ளை வளையம் இருந்தா ஸ்பிரிட் லேசாத் தொட்ட துணியால ஒரே ஒரு தடவை, பறவை எறகு படற மாதிரி. அழுத்தினா மொத்தமும் வந்துரும்.

உளுப்பு இருக்குதான்னும் பாருங்க. நாற்காலியைக் கறுப்புத் துணி மேல ஒரு ராத்திரி நிறுத்தி வைங்க. காலைல ரவை மாதிரி இல்லாம, மைதா மாதிரி நைசா மாவு விழுந்திருந்தா உள்ள வண்டு உசுரோட இருக்குது. பழைய ஓட்டை மட்டும் இருந்து மாவு விழலைன்னா பயமில்லை. தேக்கோட வைரத்துல அது அவ்வளவாப் போகாது. ஓரத்துல இருக்கற வெளிர் கட்டையிலதான் போகும்.

பிரம்பு பின்ன ஆள் கிடைக்கறதுதான் கஷ்டம். அரசு ஆபீஸ் நாற்காலிக்கெல்லாம் பார்வையில்லாதவங்கதான் பின்னிக் குடுத்துட்டு இருந்தாங்க. விரலே கண்ணு அவங்களுக்கு. சட்டத்துல ஓட்டை ஓட்டையா இருந்தா கையால பின்னினது. ஓட்டைக்குப் பதிலா சுத்தியும் ஒரு பள்ளம் ஓடினா, ரெடிமேடு பிரம்புத் தட்டி வெச்சு அழுத்தினது. உங்களோடது எது?

பல்லடத்தான் (ஞாயிறு, மாலை 4:18)

ஓட்டைங்க அக்கா. எண்ணினேன், முன்பக்கம் மட்டும் 27.

சந்தைக்கடை (ஞாயிறு, இரவு 8:55)

எல்லாரும் வியாபாரியையே திட்டறீங்க. நானும் அதே தொழில்தான், ஒளிவு மறைவு இல்லாமச் சொல்றேன்.

ஆறாயிரம்ங்கறது கம்மிதான். ஆனா டெம்போ வாடகை, ஆளு கூலி, பிரம்பு பின்ன ஆளைத் தேடறது, விக்கற வரைக்கும் குடோன்ல வெச்சிருக்கறது இதெல்லாம் யாரும் கணக்குப் போடறதில்லீங்க. ஒரு நாற்காலி ஒன்றரை வருஷம் என்ற கிட்ட இருந்திருக்குது. தெனமும் அதுல உக்காந்து டீ குடிச்சேன், அவ்வளவுதான் லாபம்.

ஏமாத்து வேலையும் நடக்குது, இல்லீங்கல. புதுப் பித்தளையில ஆசிட் தொட்டுக் களிம்பு ஏத்தறது, புது மரத்தை டீத் தண்ணியில கழுவறது, "பக்ஷிராஜா ஸ்டுடியோ செட்டுல இருந்த சோபாங்க"ன்னு கதை சொல்றது. எவனாவது அந்தக் கதையைச் சொன்னா ரசீது கேளுங்க. பித்தளைன்னு விக்கற வெளக்குல காந்தத்தை வைங்க. ஒட்டினா உள்ள இரும்பு, மேல முலாம். ஸ்க்ரூவைப் பாருங்க. தலையில கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ ஒண்ணு இருந்தாலும், ஒண்ணு மரம் புதுசு, இல்லீன்னா நடுவுல எவனோ கை வெச்சிருக்கான். பழைய வேலையில நேர்க்கோடு வெட்டின தலைதான், அதுவும் கொஞ்ச எடத்துல மட்டும். மிச்சமெல்லாம் முளைக்குச்சியும் வஜ்ஜிரமும்.

உபயோகம் பண்ணின பழசுல தேய்மானம் நியாயமான எடத்துல இருக்கும். கைப்பிடி நுனி, முன்கால் குறுக்குச் சட்டம், இதெல்லாம் கையும் காலும் வெச்சு வெச்சு வழவழன்னு குழிஞ்சிருக்கும். போலியில எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ச்சு வெச்சிருப்பாங்க. எந்த மனுசன் நாற்காலியோட முதுகுக்குப் பின்னாடி காலு வெக்கறான்?

அப்புறம் உங்களுக்கு ஒரு யோசனை. நாலும் நம்பரோட ஒரே செட்டு. பிரிச்சு வித்துராதீங்க.

வால்பாறை மழை (ஞாயிறு, இரவு 9:40)

இங்க எஸ்டேட் பங்களாவுல இருந்து வர்ற மரச்சாமானுக்கு வேற தொல்லை. மழைக்கு மரம் உப்பி டிராயர் திறக்காது. கீழ பொள்ளாச்சிக்கு இறக்கினதும் காஞ்சு மூட்டு ஆடும். ஒரே அலமாரிக்கு மேல ஒரு நோய், கீழ ஒரு நோய்.

என்ற சேகரிப்பு பெட்ரோமாக்ஸ். யாராவது பழைய மேன்டில் (உள்ள எரியற வலை) பாக்கெட்டோட வெச்சிருக்கீங்களா? ஜெர்மன் பாக்கெட் ஒண்ணு கெடைச்சுது, பிரிக்கவே மனசில்லை.

கரண்டுக்காரர் (ஞாயிறு, இரவு 9:58)

பிரிக்காம இருக்கறதே நல்லதுங்க. பழைய மேன்டில்ல தோரியம் இருக்குது. கதிர்வீச்சு இருக்கற சாமான். பாக்கெட்டுல சும்மா கெடந்தா பெரிய பயமில்லை, எரிஞ்ச வலை ஒடைஞ்சு பொடியாகறப்பத்தான் மூச்சுல போகக் கூடாது. நாமெல்லாம் சின்னப் பையனா இருக்கறப்ப நோம்பிக்கு நோம்பி அதைக் கையில நசுக்கி வெளையாடினோம், அது வேற கதை.

வரைபலகை (திங்கள், காலை 10:20)

ஒரு பொதுவான கேள்வி. மிட் செஞ்சுரி மாடர்ன்னு உலகம் பூரா ஒரு ஸ்டைல் இருக்கு. டேனிஷ் தேக்கு, சுத்தமான கோடு, ஒல்லிக் காலு. கொங்கு நாட்டுல அப்படி ஒண்ணு உண்மையிலேயே இருந்துச்சா? இல்ல நாம இப்ப அந்தப் பேரை இதுமேல ஒட்டறோமா?

டிராயிங் வாத்தியார் (திங்கள், இரவு 7:30)

நல்ல கேள்வி. இதற்குத்தான் காத்திருந்தேன்.

பேர் நம்முடையது அல்ல. பொருள் நம்முடையது. என் கணக்கில் கொங்கு நாட்டு நடு நூற்றாண்டு 1932இல் தொடங்குகிறது, பைக்காரா மின்சாரம் வந்த ஆண்டு. அதற்குப் பிறகுதான் கோவையில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பியது. பஞ்சுக் காசு வந்தது, கரண்டு வந்தது. கரண்டு வந்த வீட்டுக்கு மாட விளக்கு போதவில்லை. வட்டப் பீங்கான் அடியில் பித்தளை மூடி போட்ட சுவிட்ச், மரப்பட்டிக்குள் ஓடும் வயர், உத்தரத்திலிருந்து தொங்கும் பால் வெள்ளைக் கண்ணாடி. ஆசாரத்தில் (முன்கூடத்தில்) திண்ணைக்குப் பதில் சோபா செட், நடுவில் டீப்பாய், மூலையில் ரேடியோ ஸ்டாண்டு. உட்காரும் விதமே மாறியது. எங்கள் அப்பாரு கடைசிவரை அந்த சோபாவில் உட்காரவில்லை. ஒறம்பரை வந்தால் அவர்களை உட்கார வைப்பார், தான் கயிற்றுக் கட்டிலில் இருப்பார்.

ஆகவே சேகரிக்க விரும்புபவர்கள் டேனிஷ் காலைத் தேடி அலைய வேண்டாம். இரும்பு வளையத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி இருக்கிறதே, மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடக்கும், அதுதான் நம் நவீனம். சன்மைக்கா ஒட்டி அலுமினிய ஓரம் அடித்த சாப்பாட்டு மேஜை. முக்கோண மூலை அலமாரி. இரண்டு வண்ண மொசைக் தரை. யாரும் இவற்றுக்கு விலை சொல்லவில்லை, அதனால்தான் இவை குப்பைக்குப் போகின்றன.

வரைபலகை (திங்கள், இரவு 7:52)

சார், ஒயர் சேரையா? என் கஸ்டமர் அடிக்க வருவாங்க!

டிராயிங் வாத்தியார் (திங்கள், இரவு 8:10)

சண்டிகரிலும் அப்படித்தான் சொல்லி மாடியில் குவித்தார்கள்.

பல்லடத்தாரே, அந்தக் காலண்டர் கட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு நாற்காலியைவிட அதில்தான் ஆவல். ஓரத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். கோவில்பட்டியில் இருந்து வரைந்த சி. கொண்டையராஜு (1898-1976), நாடகத் திரைச்சீலை எழுதிய கை. அவரும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, கீழே ஏதாவது ஜவுளிக்கடை பெயரோ மில் பெயரோ போட்டு, தமிழ்நாட்டில் பூசை அறை பூசை அறையாகப் போய்ச் சேர்ந்தன. அவர் சாமிக்குப் பின்னால் திரைச்சீலை மாதிரியே ஆறும் மலையும் கோபுரமும் இருக்கும். தகரப் பட்டையும் தேதித் தாளும் சேர்ந்து இருந்தால் கழற்றாதீர்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆப்செட் அச்சில் நாலு வண்ணப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். இப்போது ஸ்கேன் செய்து வீட்டு பிரிண்டரில் எடுத்துப் பழசு என்று விற்பதில் மணல் தூவியது போல இருக்கும். சுருட்டியதை வெறுமனே விரிக்காதீர்கள், வெடிக்கும். மழை நாளில் ஒரு ராத்திரி நனையாத இடத்தில் வெளியே வைத்து, ஈரப்பதம் ஏறிய பிறகு கனமான புத்தகங்களுக்கு நடுவே வையுங்கள். செலோ டேப்பைக் கண்ணிலும் காட்டாதீர்கள்.

சோடாபாட்டில் (திங்கள், இரவு 8:31)

ஒரு சந்தேகம். இதெல்லாம் வெச்சிருக்கறதுக்கு சட்டப்படி ஏதாவது பதிவு பண்ணோணுமா? யாரோ பயமுறுத்தினாங்க.

ஈரோட்டுக்காரி (திங்கள், இரவு 8:49)

1972 சட்டத்துல தொல்பொருள்னா நூறு வருஷம் தாண்டினது. கையெழுத்துச் சுவடிக்கு மட்டும் 75. இந்த நாற்காலி, விளக்கு எல்லாம் அதுல வராது. ஆனா பழைய வீட்டைக் காலி பண்றப்ப கூடவே ஒரு சிலையோ பழைய ஓவியமோ வந்தா, அது வேற விஷயம். அதுல சில வகைக்குப் பதிவு உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. பூசை அறைச் சாமானை லாட்டோட சேர்த்து வாங்கவே வாங்காதீங்க. ஈட்டி மரமும் உலக அளவுல கட்டுப்பாட்டுல இருக்கற மரம், அதனால அதை வெளிநாட்டுக்கு அனுப்பறேன்னு யார் சொன்னாலும் காகிதம் கேளுங்க.

பல்லடத்தான் (அடுத்த ஞாயிறு, மாலை 5:50)

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. ஒரு வாரமா என்ன பண்ணினேன்னு சொல்லிர்றேன்.

டெம்போக்காரரு மறுபடி வந்தாரு, ஒன்பதாயிரம்னாரு. விக்கலீங்கன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கல, அம்மா குடுத்த மோரைக் குடிச்சுட்டுப் போனாரு.

வெளக்குக்கு வயரு மாத்தியாச்சு. கரண்டுக்காரர் அண்ணா சொன்ன மாதிரி நூல் கட்டித்தான் இழுத்தேன், ரெண்டு தடவை அறுந்துச்சு. பழைய வயரு வெளிய வர்றப்பவே கருவேப்பிலைப் பொடி மாதிரி கொட்டுச்சு. ஷேடுக்குள்ள பார்த்தா ஒரு எடத்துல செம்பு மொட்டையா இரும்பை ஒரசிட்டு இருக்குது. அதைப் பார்த்ததுக்கப்புறம் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன்.

நாற்காலி நாலையும் கறுப்பு வேட்டி மேல ஒரு ராத்திரி நிறுத்தினேன். 20ல மட்டும் ஒரு சிட்டிகை மாவு, பின்காலு கிட்ட. அதைத் தனியா வெச்சிருக்கேன். ஸ்பிரிட் பொட்டு வெச்சேன், பிசுபிசுன்னு ஒட்டுச்சு. அரக்குதான் அக்கா.

18ல பிஞ்ச பிரம்பை எடுத்தப்ப ஒண்ணு பார்த்தேன். சட்டத்துக்கு உள்பக்கம், மூட்டு சேர்ற எடத்துல உளி வெச்சுக் கோடு போட்டிருக்குது. ஒரு மூட்டுக்கு ஒரு கோடு, அடுத்ததுக்கு ரெண்டு, அப்படியே நாலு வரைக்கும். அதுக்குப் பக்கத்துல பென்சில்ல ‘மே. பங்களா 24’னு தமிழ்ல எழுதியிருக்குது. போட்டோ போட்டிருக்கேன்.

அம்மா 17ல உக்காந்து பார்த்துச்சு. "அப்பன் இதுல உக்காந்துதான் பஞ்சை வெரல்ல இழுத்துப் பாப்பாரு"ன்னு சொல்லி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வெச்சு இழுத்துக் காட்டுச்சு. மாமனுங்களுக்கு இது தெரியாது, அவங்க அப்பப் பொறக்கவே இல்ல.

டிராயிங் வாத்தியார் (அடுத்த ஞாயிறு, இரவு 7:15)

மேனேஜர் பங்களா, 24 நாற்காலி. கோடு, ஆசாரி எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று குறித்து வைத்தது. ஆக மில்லுக்காக இங்கேயே செய்தது. ஏதோ பத்திரிகையில் படம் பார்த்து, கடைசல்காரரிடம் காலைக் கடையச் சொல்லியிருக்கிறார்கள். வரைபலகை தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பென்சில் எழுத்தில் இருக்கிறது.

வரைபலகை (அடுத்த ஞாயிறு, இரவு 7:40)

ஒத்துக்கறேன் சார். நேத்து பாட்டி வீட்டு மாடியில இருந்து ரெண்டு ஒயர் சேரை இறக்கிட்டேன். சிரிக்காதீங்க.

சந்தைக்கடை (அடுத்த ஞாயிறு, இரவு 8:05)

24ல நாலுதான் இங்க. மிச்சம் இருபது எங்கயோ இருக்குது. ஏலத்துல எடுத்தவங்க அதே மில் ஆளுகளாத்தான் இருப்பாங்க.

கோழிப்பண்ணை (அடுத்த ஞாயிறு, இரவு 10:22)

வணக்கமுங்க, புதுசாச் சேர்ந்திருக்கேன். ஊரு காங்கயம் பக்கம். எங்க அப்பாரும் கோயமுத்தூர்ல மில்லுல டைம்கீப்பரா இருந்தவரு. இந்தப் போட்டோவைப் பார்த்துட்டு இருக்கறப்ப என்ற ஊட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு "இது நம்ம சாளையில கெடக்கறதாச்சே"ங்கறா. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். வெள்ளை பெயின்ட்ல நம்பர் இருக்குது, 9 மாதிரியும் தெரியுது, 19 மாதிரியும் தெரியுது. பிரம்பு சுத்தமா இல்லீங்க, பலகை வெச்சு ஆணி அடிச்சிருக்குது.

பல்லடத்தான் (அடுத்த ஞாயிறு, இரவு 10:25)

அண்ணா!! முன்பக்கச் சட்டத்துல ஓட்டை எத்தனைன்னு எண்ணிச் சொல்றீங்களா? 27 இருக்குதா?

கோழிப்பண்ணை (அடுத்த ஞாயிறு, இரவு 10:31)

இப்ப முடியாதுங்க, மேல கோழி அடைஞ்சிருக்குது. காலைல தொறந்து விட்டுட்டு எண்ணிச் சொல்றேன்.